செங்கோட்டைத் தீர்ப்பும் வாசற்படியில் நின்ற குடும்பங்களும்

போர் ஓய்ந்த மறுநாள் கணக்குப் பார்க்கும் வேலை தொடங்குகிறது. யார் வென்றார், யார் தோற்றார் என்பது களத்திலேயே தெரிந்துவிடும். யார் தியாகி, யார் துரோகி என்பதோ பிறகு எழுதப்படுவது. அதனை எழுதும் கோல் பெரும்பாலும் வென்றவர் கையில்தான் இருக்கிறது. பகைவருக்குத் துணைபோனார் என்று ஒருவர் மீது குற்றம் சாட்டப்படும்பொழுது, அவரோடு அவருடைய மனைவியும் மக்களும் பெற்றோரும் கூண்டின் ஓரத்தில் நிற்கிறார்கள். அவர்கள் பெயர் குற்றப்பத்திரிகையில் இராது. ஆயினும் தண்டனையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நடந்த இத்தகைய கணக்குத் தீர்ப்புகளை எண்ணிப் பார்க்க, நமது காரைக்காலைவிடப் பொருத்தமான இடம் அரிது. அன்று இவ்வூர் இரு வல்லரசுகளின் எல்லையில் இருந்தது. தெற்கே வாஞ்சூர் சாவடியைக் கடந்தால் நாகூர். அது பிரிட்டிஷ் இந்தியா. சாவடிக்கு இப்பால் பறந்ததோ பிரெஞ்சுக் கொடி. ஊர் மக்களில் பலர் அக்கரைச் சீமைக்குச் சென்று பொருளீட்டிய சபராளிகள். மலாயாவில் இருந்தவருக்கு ஓர் அரசு, சைகோனில் இருந்தவருக்கு மற்றோர் அரசு, வீட்டிலிருந்த பெண்மக்களுக்கு இன்னோர் அரசு என்று ஒரே குடும்பம் பல கொடிகளின் கீழ் சிதறிக் கிடந்த காலம் அது. எவர் எவருக்கு விசுவாசமாக இருப்பது என்ற கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை.

ஒரே கொடி, இரண்டு அரசுகள்

1940 ஜூன் மாதத்தில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்தது. முதல் உலகப் போரின் பெருவீரரெனப் போற்றப்பட்ட மார்ஷல் பெத்தான் விஷி நகரில் அமைத்த அரசு, வென்றவரோடு ஒத்துழைப்பதே நாட்டைக் காக்கும் வழி எனக் கூறியது. இலண்டனுக்குச் சென்ற தளபதி தெ கோல், போர் முடியவில்லை என்று முழங்கினார். அவருக்கு அப்பொழுது கிடைத்த பரிசு என்ன? 1940 ஆகஸ்ட் 2ஆம் நாள் விஷி அரசின் ராணுவ நீதிமன்றம், அவர் நேரில் இல்லாத நிலையிலேயே அவருக்கு மரண தண்டனை விதித்தது. சட்டத்தின் கண்ணில் அன்று அவரே துரோகி.

புதுச்சேரியில் கவர்னராக இருந்த லூயி போன்வேன், 1940 செப்டம்பரில் தெ கோலின் பக்கம் சேர்ந்தார். ஆகவே காரைக்காலும் சுதந்திர பிரான்சின் பகுதியாயிற்று. சைகோனிலோ நிலைமை வேறு. இந்தோசீனாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கடற்படைத் தளபதி தெகூ, விஷி அரசின் ஆளாகவே நின்று, ஜப்பானியப் படைகளுக்கு இடம் கொடுத்து, 1945 மார்ச் 9ஆம் நாள் ஜப்பானியரே அவரைக் கவிழ்க்கும்வரை ஆட்சி நடத்தினார். காரைக்காலில் வீடும் சைகோனில் கடையும் வைத்திருந்த ஒரு வணிகரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டின் மேல் பறந்ததும் மூவண்ணக் கொடி, கடையின் மேல் பறந்ததும் அதே மூவண்ணக் கொடி. ஆனால் வீட்டின் அரசுக்குக் கடையின் அரசு துரோகி. கடையின் அரசுக்கு வீட்டின் அரசு துரோகி!

1944இல் பிரான்ஸ் விடுதலை பெற்றதும் கணக்குத் தீர்ப்புத் தொடங்கியது. நீதிமன்றங்கள் அமைவதற்கு முன்னும் அமைந்த வேளையிலும், விசாரணையின்றிக் கொல்லப்பட்டவர் சுமார் 9,000 பேர் என்பது வரலாற்றாசிரியர் கணக்கு. ஜெர்மானியரோடு உறவு வைத்தார்கள் என்று சொல்லி ஏறக்குறைய 20,000 பெண்களின் தலையை மழித்துத் தெருவில் நடத்தினர். பின்னர் அமைந்த சிறப்பு நீதிமன்றங்கள் 6,700க்கும் மேற்பட்ட மரணத் தீர்ப்புகளை வழங்கின. அவற்றுள் பெரும்பாலானவை ஓடிப்போனவர் மீது விதிக்கப்பட்டவை. நிறைவேற்றப்பட்டவை 800க்கும் குறைவு. ‘தேசிய இழிவு’ என்று ஒரு புதுக் குற்றமே 1944இல் சட்டத்தில் எழுதப்பட்டது. அதற்கு ஆளானவர் வாக்குரிமையையும் அரசுப் பதவியையும் இழந்தார். சொத்துப் பறிமுதலுக்கும் அதில் வழி இருந்தது. சொத்துப் போனால் குற்றவாளி மட்டுமா பட்டினி கிடப்பார்?

89 வயதான பெத்தானுக்கு 1945 ஆகஸ்ட் 15ஆம் நாள் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜப்பான் சரணடைந்ததாக அதன் மன்னர் வானொலியில் அறிவித்ததும் அதே நாள்தான். தெ கோல் அத்தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். கடலோரத் தீவொன்றில் சிறைப்பட்டிருந்த முதியவரோடு அவருடைய துணைவியாரும் அத்தீவிலேயே தங்கி, 1951 ஜூலையில் அவர் இறக்கும்வரை உடனிருந்தார். விஷி அரசின் தலைமை அமைச்சர் லவாலுக்கு அத்தகைய சலுகை கிட்டவில்லை. அவருடைய விசாரணை அவசரமும் கூச்சலும் நிறைந்ததாக நடந்தது. 1945 அக்டோபர் 15ஆம் நாள், நஞ்சருந்திச் சாக முயன்ற அவரை மருத்துவர்கள் பிழைக்கச் செய்ய, அதன்பின் கொண்டுபோய்ச் சுட்டனர். ஒன்பது நாள் கழித்து, நார்வேயில், துரோகத்துக்கே பெயராகிப்போன குவிஸ்லிங் சுடப்பட்டார்.

லவால் சுடப்பட்ட மூன்றாவது வாரத்தில், 1945 நவம்பர் 5ஆம் நாள், தில்லிச் செங்கோட்டையில் மற்றொரு விசாரணை தொடங்கியது. ஐரோப்பாவில் வழங்கிய அதே சொற்கள்தாம் இங்கும்: அரசத் துரோகம், பகைவரோடு கூட்டு. ஆனால் முடிவு வேறு.

கோட்டை பார்த்த முதல் விசாரணை

செங்கோட்டைக்கு இது புதிதன்று. 1858 ஜனவரி முதல் மார்ச் வரை அதே கோட்டையில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸபர் விசாரிக்கப்பட்டார். தமது முன்னோர் கட்டிய மாளிகையிலேயே, அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தார் என்றும் கொலைகளுக்கு உடந்தையானார் என்றும் அம்முதியவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவருடைய குடும்பத்தார்க்கு அந்த விசாரணையும் கிடைக்கவில்லை. மிர்ஸா முகல், மிர்ஸா கிஸ்ர் சுல்தான் என்னும் இரு புதல்வரையும், பேரர் மிர்ஸா அபூபக்ரையும், 1857 செப்டம்பர் 22ஆம் நாள் ஹாட்ஸன் என்ற ஆங்கிலப் படையதிகாரி தம் கையாலேயே சுட்டுக் கொன்றார். மன்னரும் அவருடைய பேகம் ஸீனத் மஹலும் எஞ்சிய குடும்பத்தார் சிலரும் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1862 நவம்பரில் அவர் அங்கேயே மறைந்தார். தந்தையின் கணக்கில் பிள்ளைகளையும் சேர்த்து எழுதிய தீர்ப்பு அது.

எண்பது ஆண்டுகள் கழிந்தபின் அதே ரங்கூனில் அம்மன்னரின் அடக்கத்தலத்தின் முன் இந்திய தேசிய ராணுவம் அணிவகுத்து நின்று மரியாதை செய்தது. பின்பு அப்படையின் அதிகாரிகளையே அதே செங்கோட்டைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது ஆங்கில அரசு.

மூவர் மீது வழக்கு

அவர்கள் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தனர்? 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரு நாள் கழித்து, ஃபாரர் பார்க் திடலில், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் போர்வீரர்களை ஆங்கில அதிகாரி ஒருவர் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். தளபதி மோகன்சிங் தலைமையில் அவர்களிலிருந்து உருவானதே இந்திய தேசிய ராணுவம். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் வந்தபின் மலாயாவின் தோட்டத் தொழிலாளரும் வணிகரும் பல்லாயிரவராய் அதில் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். சேர மறுத்த போர்க் கைதிகளில் பலர் நியூகினியா முதலிய தீவுகளுக்கு அனுப்பப்பட்டுப் பசியாலும் நோயாலும் மாண்டனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. அவர்களுக்கும் வீடு இருந்தது.

இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி என்பன அப்படையின் முழக்கச் சொற்கள். மூன்றும் அரபியில் வேர் கொண்டவை. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பது பொருள். அம்மூன்று சொற்களையும் பொறித்துச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் ஒரு நினைவுத்தூண் எழுந்தது. செப்டம்பரில் திரும்பிவந்த ஆங்கிலப் படை அதனை வெடிவைத்துத் தகர்த்தது.

செங்கோட்டையில் நின்ற மூவர்: ஷா நவாஸ்கான், பிரேம்குமார் ஸேகல், குர்பக்ஷ்சிங் தில்லான். ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர். ஷா நவாஸ்கான் ராவல்பிண்டிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலப் படையில் பணியாற்றிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் கூண்டில் நின்றபொழுதும் அவருடைய உறவினர் பலர் அரசப் படையிலேயே இருந்தனர். ஸேகலின் தந்தை அச்ரூராம் லாகூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி. மன்னர் பெயரால் தீர்ப்பு வழங்கும் தந்தை. அம்மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் கூண்டில் நிற்கும் மகன். இதைவிடக் கடினமான குடும்ப நிலை வேறொன்று உண்டோ?

அவர்களுக்காக வாதிட்டவர் புலாபாய் தேசாய். தேஜ் பகதூர் ஸப்ரு, கைலாஸ்நாத் கட்ஜு, ஆஸப் அலி ஆகியோர் துணை நின்றனர். பல்லாண்டுகளாகக் கழற்றி வைத்திருந்த வழக்குரைஞர் அங்கியை ஜவாஹர்லால் நேருவும் அணிந்து வந்தார். அடிமைப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் தன் விடுதலைக்காகப் போர் தொடுப்பது உலக நாடுகளின் சட்டப்படி உரிமையாகும். முறையாக அறிவிக்கப்பட்ட ஓர் அரசின் படையில் போரிட்டவரைத் தனியாள் குற்றவாளியாகக் கருதலாகாது என்பது தேசாயின் வாதம்.

1946 ஜனவரி 3ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. மூவருக்கும் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனையும், பதவி பறிப்பும், சம்பள நிலுவை முழுவதையும் பறிமுதல் செய்வதும் நீதிமன்றம் விதித்தது. தலைமைத் தளபதி ஆக்கின்லெக் தீவாந்தர தண்டனையை மூவருக்கும் தள்ளுபடி செய்தார். கோட்டை வாயிலில் மாலைகள் காத்திருந்தன.

நாடு கொண்டாடியது, கொண்டாடியது முறையே. ஆனால் தீர்ப்பை நிதானமாகப் படிப்பவர் கண்ணில் ஒன்று படும். தள்ளுபடியானது மனிதருக்குரிய தண்டனை மட்டுமே. பதவி பறிப்பும் சம்பளப் பறிமுதலும் அப்படியே உறுதி செய்யப்பட்டன. சிறைக்குப் போக வேண்டியவர் தப்பினார். வீட்டுக்குப் போக வேண்டிய பணம் தப்பவில்லை.

காலம் மாற்றிய பெயர்கள்

இதே செயலுக்கு மூன்றாண்டுகளுக்கு முன் கிடைத்த தீர்ப்பு வேறாக இருந்தது. திருவிதாங்கூரில் வக்கம் என்ற ஊரில் 1917இல் பிறந்து, பிழைப்புத் தேடி மலாயா சென்றவர் அப்துல் காதர். இந்திய சுதந்திர லீக்கில் சேர்ந்து, பினாங்கில் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரையில் தானூர் அருகே தோழர்களோடு வந்திறங்கினார். உடனே பிடிபட்டார். எதிரியின் கையாள் என்ற குற்றத்துக்காக 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தோழர் சிலரோடு தூக்கிலிடப்பட்டார். வயது 26. தூக்குமேடை ஏறுமுன் அவர் கடைசியாக எழுதிய மடல் தந்தைக்கு எழுதியது. இரண்டரை ஆண்டு பொறுத்திருந்தால் அவருக்கும் மாலை விழுந்திருக்கும். கூண்டில் நிறுத்தப்பட்ட நாள் முந்திவிட்டது, அவ்வளவே.

அன்று எதிரியின் கையாள் என்று எழுதிய ஏடு, பின்பு தியாகி என்று திருத்திக்கொண்டது. தெ கோலுக்கும் அவ்வாறே நடந்தது. இதனால் துரோகம் என்ற ஒன்றே இல்லை என்று கூறிவிடலாமா? கூடாது. தன் மக்களை வேட்டையாடும் பகைவனுக்கு ஆள்காட்டியாக நின்றவனையும், அந்நிய ஆட்சியை விரட்ட மற்றோர் அந்நியன் உதவியை நாடியவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது அறமாகாது. ஆனால் இவ்விருவரையும் பிரித்தறிய வேண்டிய நீதி, கொடியின் நிறத்தைப் பார்த்துப் பேசுமானால், அத்தீர்ப்பில் நீதி குறைவாகவும் காலநேரம் கூடுதலாகவும் இருக்கும்.

மற்றோர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஷா நவாஸ்கான் மீதிருந்த குற்றங்களுள் ஒன்று, முஹம்மது ஹுசைன் என்ற பீரங்கிப் படை வீரரின் கொலைக்கு உடந்தையானார் என்பது. 1945 மார்ச் மாதத்தில் பர்மாவின் போப்பா மலைப் பகுதியில், படையை விட்டு ஓட முயன்றார் என்று அவ்வீரர் சுட்டுக் கொல்லப்பட்டார். இக்குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகவே நீதிமன்றம் கூறியது. தோற்றுக்கொண்டிருந்த ஒரு படையில், பசியிலும் நோயிலும், வீடு திரும்ப நினைத்த ஒருவர் அவர். அவருக்காகத் தெருவில் ஊர்வலம் எதுவும் நடக்கவில்லை. விடுதலைப் போரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர் பெயரைக் கடந்து விரைந்து சென்றுவிடுகிறார்கள். அவரையும் ஒரு தாய் பெற்றிருந்தாள் என்பதை நினைவில் வைப்பதால் ஷா நவாஸ்கானின் பெருமை குறைந்துவிடாது.

செங்கோட்டை வழக்கின் படிப்பினையை ஆங்கில அரசும் கற்றுக்கொண்டது. அதன்பின், மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார் என்ற குற்றத்தைக் கைவிட்டு, கைதிகளைக் கொடுமைப்படுத்தினார் என்று சாட்டப்பட்டவர் மீது மட்டுமே வழக்கு நடத்தியது. அவ்வாறு தண்டிக்கப்பட்டவர்களுள் கேப்டன் அப்துல் ரஷீதும் கேப்டன் புர்ஹானுத்தீனும் அடங்குவர். இவ்விருவருக்கும் ஏழாண்டுச் சிறை. ரஷீதுக்கு விதித்த தண்டனையை எதிர்த்து 1946 பிப்ரவரியில் கல்கத்தாவில் காங்கிரஸ் கொடியும் லீக் கொடியும் பிடித்த மாணவர் ஒன்றாய்த் தெருவுக்கு வந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அதே நகரம் கலவரத்தில் எரியப்போகிறது என்பதை நினைக்கையில், அந்த ஒற்றுமை நெஞ்சைத் தொடுகிறது.

அரசின் நோக்கம் எதுவாயினும், அது வந்து சேர்ந்த வேறுபாடு சரியானது. எந்தப் பக்கம் நின்றாய் என்பது ஒரு கேள்வி. நின்ற இடத்தில் என்ன செய்தாய் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் பிரித்தால்தான் நீதி கண் திறக்கும்.

நமது நூல்கள் பிரித்த பிரிவு

இவ்வேறுபாடு சட்டவியலில் புதிதன்று. மதரஸாவில் ஃபிக்ஹு நூல் ஓதுகையில், ‘புகாத்’ பற்றிய பாடத்தை நாங்கள் விரைவாகவே கடந்துபோவோம். இக்காலத்துக்குத் தேவைப்படாத பாடம் என்ற எண்ணம். செங்கோட்டை வழக்கைப் படித்தபின்தான் அதன் ஆழம் எனக்கு விளங்கியது. ஒரு காரணத்தை நம்பி, கூட்டாக, ஆட்சிக்கு எதிராக எழுந்தவர்களை வழிப்பறிக் கொள்ளையரிலிருந்து நமது இமாம்கள் தனியே பிரித்தனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் ‘அல்உம்மு’ பெருநூலில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. ஓடுகிறவரைத் துரத்துவதில்லை, காயம்பட்டவரைக் கொல்வதில்லை, அவர்கள் பொருளைப் போர்ப்பொருளாகப் பங்கிடுவதில்லை, குடும்பத்தாரைத் தொடுவதில்லை என்பன அங்கு வகுத்த நெறிகள்.

இந்நெறிகளுக்கு ஆதாரம் ஏட்டுக் கற்பனையன்று. ஹிஜ்ரி 36இல், கி.பி. 656இல், பஸ்ராவுக்கு வெளியே நடந்த ஜமல் போரின் முடிவில் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் நடந்துகொண்ட முறையே ஆதாரம். வென்ற படையினருள் சிலர் பொருளுக்கும் கைதிக்கும் உரிமை கேட்டு நச்சரித்தனர். அலீ (ரலி) அவர்கள் இடங்கொடுக்கவில்லை. தோற்றவரின் வீடுகள் வீடுகளாகவே இருந்தன.

அதற்கு முன் ஹிஜ்ரி 8இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்னும் நெருக்கமானது. மக்கா நோக்கிப் படை புறப்படும் செய்தியை எதிரிகளுக்கு எழுதி, ஒரு பெண்ணிடம் கொடுத்து ரகசியமாக அனுப்பினார் ஹாத்திப் என்னும் நபித்தோழர். மடல் வழியிலேயே பிடிபட்டது. போர்க்காலத்தில் பகைவருக்குச் செய்தி அனுப்பிய குற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். உமர் (ரலி) அவர்கள் வாளை உருவ அனுமதி கேட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ முதலில் காரணத்தைக் கேட்டார்கள். மக்காவில் சிக்கிய தம் குடும்பத்துக்குப் பாதுகாவலர் எவரும் இல்லை. குறைஷியருக்கு ஓர் உதவி செய்து வைத்தால் அவர்கள் என் வீட்டாரை விட்டுவைப்பார்கள் என எண்ணினேன் என்பது ஹாத்திபின் மறுமொழி. அவர் முன்பு பத்ரு களத்தில் நின்றவர் என்பதை எண்ணி அண்ணலார் மன்னித்தார்கள். ஒற்றருக்குரிய தண்டனை பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், விசாரணையின் முறையில் வேறுபாட்டுக்கு இடமில்லை: ஏன் செய்தாய் என்று கேட்காமல் தீர்ப்பு இல்லை. பகைவருக்குத் துணைபோனவர் பலருடைய ‘ஏன்’ என்பதற்குள் ஒரு குடும்பம் ஒளிந்திருக்கிறது.

சைகோனில் ஒரு வீடு

இனி நமது பக்கத்துக்குத் திரும்புவோம். நேதாஜி தமது கடைசி வான்பயணத்தைத் தொடங்கியது 1945 ஆகஸ்ட் 17ஆம் நாள், சைகோனிலிருந்து. அந்நகரில் தமிழ் வணிகர் பலர் வாழ்ந்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது. புதுச்சேரியில் பிறந்து சைகோனில் செல்வராய் வாழ்ந்த லெயோன் புருஷாந்தி, பால் பிளாஞ்சி தெருவிலிருந்த தமது மாளிகையை இயக்கத்தின் அலுவலகத்துக்காகக் கொடுத்தார். பிரெஞ்சு ஆட்சி திரும்பியபின் அவர் கைது செய்யப்பட்டு வதைக்கப்பட்டார். நினைவு சிதைந்த நிலையில் குடும்பத்தார் கையில் மீண்டும் ஒப்படைக்கப்பட்டு, புதுச்சேரி திரும்பி, அந்நிலையிலேயே வாழ்ந்து மறைந்தார்.

அதே சைகோனில் ஜப்பானியப் படைக்கு இடம் கொடுத்து ஆண்ட கவர்னர் ஜெனரல் தெகூவின் மீதும் பிரான்சில் வழக்குத் தொடரப்பட்டது. 1949இல் அது கைவிடப்பட்டது. நாட்டையே திறந்துவிட்டவர் விடுவிக்கப்பட்டார். வீட்டைத் திறந்துவிட்டவர் நினைவையே இழந்தார். அவருக்கு நேர்ந்ததைத் திருத்தி எழுத எந்தத் தலைமைத் தளபதியும் வரவில்லை. தில்லியில் நின்றவருக்குப் பின்னால் ஒரு தேசம் திரண்டது. பிரெஞ்சுக் கொடியின் கீழ் நின்ற நம்மவருக்குப் பின்னால் திரள அன்று யார் இருந்தார்கள்? காரைக்காலும் புதுச்சேரியும் இந்தியாவோடு இணைந்ததே 1954 நவம்பர் 1ஆம் நாள்தான். சட்டப்படி முழுமை பெற்றது 1962 ஆகஸ்டில்.

வீட்டுக்கு வந்து சேராத விடுதலை

நாடு விடுதலை பெற்றபின்னும் இந்திய தேசிய ராணுவத்தினர் படையில் திரும்பச் சேர்க்கப்படவில்லை. ஷா நவாஸ்கான் போன்றோர் நாடாளுமன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் சென்றனர். பெயரறியாத வீரர்கள் ஊர் திரும்பினர். மலாயாவிலிருந்து கப்பலேறி வந்தவருக்குக் கையில் பொருளில்லை; போரின் மூன்றரை ஆண்டுகளில் ஊருக்கு அனுப்பும் பணமும் நின்றுபோயிருந்தது. மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் 1972 ஆகஸ்ட் 15ஆம் நாள்தான் வந்தது. அதிலும் குறைந்தது ஆறு மாதம் சிறையிலோ முகாமிலோ இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். தோற்ற படையில் இருந்தவன் பர்மாக் காட்டில் எந்த அலுவலரிடம் சான்று எழுதி வாங்குவான்? கணவர் இறந்தபின் அச்சான்றைத் தேடும் கடமை கைம்பெண்களின் தலையில் விழுந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த உதவி, பல வீடுகளுக்கு வந்தபொழுது கதவைத் திறக்க ஆளில்லை.

மற்ற நாடுகளின் நிலையும் எண்ணத்தக்கது. கொரியாவில் ஜப்பானியருக்குத் துணைபோனவரை விசாரிக்க 1948இல் அமைந்த குழு மறு ஆண்டே கலைக்கப்பட்டது. தீராத கணக்கு அறுபதாண்டு உறங்கி விழித்தது. 2005இல் தென்கொரியா இயற்றிய சட்டம், அவ்வாறு துணைபோய்ப் பெற்ற நிலங்களை வழித்தோன்றல்களிடமிருந்து அரசு மீட்க வழி செய்தது. 2009இல் 4,389 பெயர்கள் கொண்ட அகராதி ஒன்று வெளியாயிற்று. அநியாயமாய் வந்த நிலத்தை மீட்பது முறை. பேரனுக்கு அதில் உரிமையில்லை. ஆனால் நிலத்தோடு பேரனின் மானத்தையும் சேர்த்துப் பிடுங்க எச்சட்டத்துக்கும் உரிமையில்லை. நார்வேயில் ஜெர்மானிய வீரரோடு உறவுகொண்டதாகப் போருக்குப்பின் இழிவு செய்யப்பட்ட பெண்களிடம் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது 2018இல். அவர்களுள் எத்தனை பேர் அச்சொல்லைக் கேட்க உயிரோடிருந்தார்கள்?

மக்கா வெற்றிக்குப்பின், அபூஜஹ்லின் மகன் இக்ரிமா (ரலி) மனம் திருந்தித் திரும்பி வரும் செய்தி கேட்டு, அவர் காதில் படும்படி அவர் தந்தையை இழித்துப் பேச வேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் சொன்னதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இறந்த பகைவரை ஏசினால் அது உயிரோடிருப்பவர் நெஞ்சில்தான் தைக்கும். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வழங்கிய இந்த நெறி, 1857இல் ஹாட்ஸனின் கைத்துப்பாக்கிக்குத் தெரியவில்லை. 1944இல் பெண்களின் தலையை மழித்த கத்திக்கும் தெரியவில்லை.

ஆகவே, போருக்குப்பின் கணக்குப் பார்க்கிறவர் மூன்று ஏடுகளைத் தனித்தனியே வைக்க வேண்டும். ஒருவர் நின்ற பக்கம் முதல் ஏட்டுக்குரியது. காலம் அதனைத் திருத்தக்கூடும் என்று அஞ்சி, மெல்ல எழுத வேண்டும். அவர் கையால் நடந்த கொடுமை இரண்டாம் ஏட்டுக்குரியது. அதில் கொடியைப் பாராமல் எழுத வேண்டும், முஹம்மது ஹுசைனின் பெயரும் விடுபடலாகாது. மூன்றாவது ஏடு அவருடைய வீட்டாருக்குரியது. அதில் குற்றம் என்று எழுதப் பத்தியே இல்லை. கடன் என்று எழுதத்தான் இடமுண்டு. செங்கோட்டைத் தீர்ப்பு முதல் ஏட்டை மூடி வைத்தது. மூன்றாவது ஏட்டில் எழுத வேண்டியதை எழுத நமக்கே 1972 வரை ஆயிற்று. அதிலும் விடுபட்டுப்போன பெயர்கள் கடலோர ஊர்களின் பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவ்வீடுகளில் தாத்தாவின் பெட்டியைத் திறந்து பழைய கடிதங்களைப் படித்துப் பார்க்கும் பிள்ளைகள் சிலராவது முன்வரட்டும்.